கட்டாத முடிச்சு

பாப்பம்மா தன் ஆயுளில் பயமில்லாமல் தூங்கியது மூன்று வருஷம்தான். அந்த மூன்று வருஷத்துத் தூக்கமும் ஏமாந்த தூக்கம் என்று பிறகு தெரிந்தபோது, யார் மேல் கோபப்படுவது என்றே அவளுக்குப் புரியவில்லை. ஏமாற்றியவர் என்று யாரையும் கைநீட்டிச் சொல்ல முடியாது. எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களிடம் மாட்டிக்கொள்வதைப் போன்ற சங்கடம் வேறெதுவும் இல்லை.

இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே வெகுதூரம் ஏற வேண்டிய ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே நாகமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். அவளுடைய அம்மாவும் அண்ணன்மாரும் எழுபத்து மூன்றாம் வருஷம் இந்தியப் பாஸ்போட் கிடைத்துப் போய்விட்டார்கள். நாகமுத்து இந்த நாட்டுப் பிரஜையாக எழுதிக் கொடுத்திருந்ததால் பாப்பம்மா இங்கேயே நின்றுவிட்டாள். மாத்தளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வயித்தக் காயப் போடாத புள்ள" என்று கத்தினாள். அதோடு சரி. சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போய் உட்காரத் தாய்வீடு இல்லை. பிரசவத்துக்கு வெந்நீர் வைக்க ஆள் இல்லை. அம்மா சொன்னதையும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வருஷமே பஞ்சம் வந்து, மரவள்ளிக்கும் மாவுக்கும் அலைந்து, மூன்றாவது பிள்ளையை அதில் பறிகொடுத்தாள்.

நாகமுத்து கெட்டவன் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன். குடித்தாலும் வாய் நீளாது. ஆனால் ரோஷக்காரன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் வேட்டியையே கட்டுவான். ஊரோ அவன் வேட்டியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நாலாவது பிள்ளைக்குப் பிறகு பாப்பம்மாவுக்கு மலையேறினால் மூச்சு வாங்கியது. கூடையோடு பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். கங்காணி சோம்பேறி என்று திட்டினான். தோட்டத்து மருத்துவிச்சி சரோஜினிதேவி மட்டும் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, மாத்தளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சரோஜினிதேவி யாழ்ப்பாணத்துக்காரி. கண்டிப்பானவள். பாப்பம்மாவின் வாழ்க்கையில் அவளுக்காக ஒருவர் மெனக்கெட்டது அதுதான் முதல் தடவை.

"இஞ்ச பார் பாப்பம்மா," என்றாள் திரும்பி வரும்போது பஸ்ஸில். "உன்ர இருதயத்திலை ஒரு கதவு சரியாப் பூட்டுதில்லை. சின்னனிலை வந்த காய்ச்சல் செய்த வேலை. இனிப் பிள்ளை எண்டால் உயிருக்கு ஆபத்து எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"மிஸியம்மா, இப்பவே மூணு மாசங்க," என்றாள் பாப்பம்மா.

சரோஜினிதேவி அவள் மடியிலிருந்த ஆஸ்பத்திரித் துண்டை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். "சரி. இது பிறக்கேக்க கையோடை ஆப்பரேஷனையும் செய்விச்சுப் போடுவம். நான் மாத்தளையிலை சொல்லி வைக்கிறன். நீ பயப்பிடாதை."

ஆப்பரேஷன் என்றால் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். கர்ப்பத்தடை. அதற்கு ஆள் சேர்ப்பதில் அந்தக் காலத்தில் மேலே உள்ளவர்களுக்கு அப்படியொரு உற்சாகம். சேலை தருகிறோம், லீவு தருகிறோம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக வந்தார்கள். ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு இன்னொன்றுக்கு ஆசைப்பட்டவளைக்கூட லொறியில் ஏற்றிக்கொண்டு போனதுண்டு. வேண்டாம் என்று புதரில் ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். வேண்டும் என்று தானாகக் கேட்டவள் பாப்பம்மா. கடைசியில் அவளுக்குத்தான் அது இல்லாமல் போனது. இந்த வேடிக்கையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசம் பாப்பம்மாவுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. சரோஜினிதேவி தொட்டுப் பார்த்துவிட்டு உடனே லொறியைக் கூப்பிடச் சொன்னாள். தானும் வருவதாகத்தான் சேலையை மாற்றினாள். அதற்குள் துரை பங்களாவிலிருந்து ஆள் வந்து, டவுனில் தமிழர்களை அடிக்கிறார்கள், நீங்கள் வெளியே போக வேண்டாம் என்று தடுத்துவிட்டான். லொறிக்காரர் கணபதி, நாகமுத்து, பின்னால் சாக்கின் மேல் பாப்பம்மா. மூன்று பேர்தான் புறப்பட்டார்கள்.

இரத்தோட்டைக்கு வந்தபோது மாத்தளைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. எதிரே வந்த ஒரு கிழவர் கையை ஆட்டி லொறியை நிறுத்தி, கடைத்தெரு எரிகிறது, அம்மன் கோவிலுக்கும் தீ வைத்துவிட்டார்கள், கீழே போகாதே என்று சிங்களத்தில் சொன்னார். கணபதி லொறியைத் திருப்பி, வேறு மலைப்பாதையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். அவர் செய்தது சரிதான். மூன்று உயிரையும் வயிற்றில் இருந்த நாலாவது உயிரையும் அன்றைக்குக் காப்பாற்றியது அந்தத் திருப்பம்தான்.

சிஸ்டர்மார் கதவைத் திறந்து, யார் எவர் என்று கேட்காமல் உள்ளே எடுத்தார்கள். அன்றைக்குத் தமிழருக்குக் கதவு திறந்த இடங்கள் எத்தனை? அந்த நன்றியை மறைக்கக் கூடாது. பெரிய சிஸ்டர் சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. பூசைப் புத்தகத் தமிழ் பேசுவார். பாப்பம்மாவின் நெற்றியை அவரே துடைத்துவிட்டார். பாப்பம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு நெஞ்சு சரியில்லங்க. இதோட அந்த ஆப்பரேஷனையும் பண்ணி விட்டுருங்க. மிஸியம்மா சொல்லியிருக்காங்க."

"மகளே, உனக்கு எது நன்மையோ அதைக் கர்த்தர் செய்வார். நீ அமைதியாக இரு," என்றார் பெரிய சிஸ்டர்.

பாப்பம்மா அமைதியானாள். வெளியே நாகமுத்துவிடம் ஒரு தாளில் பெருவிரல் வாங்கினார்கள். தோட்டத்தில் புருஷனிடம் பெருவிரல் வாங்குவது அந்த ஒரு ஆப்பரேஷனுக்குத்தான். வேறு எதற்கும் யாரும் அவனைக் கேட்டதில்லை. ஆகவே அவன் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. பாப்பம்மா கண் விழித்தபோது வயிற்றில் கட்டு, பக்கத்தில் ஆண் பிள்ளை. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுப்பது என்ற ஒன்றை அந்தத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்து, வயிற்றில் தையல் என்றால் கதவடைத்தாயிற்று என்று அர்த்தம்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் குடியிருந்த சந்திரகாந்தா சேலையை விலக்கிப் பார்த்தாள். "ஏன்டி, எனக்கு வெரல் நீளந்தான் வெட்டுனாங்க. ஒனக்கு என்னா ஒரு சாண் இருக்கு?"

"சிஸ்டருங்க கெட்டியா போட்டிருப்பாங்க," என்றாள் பாப்பம்மா. இரண்டு பேரும் தையல் வலிக்கச் சிரித்தார்கள்.

இந்தத் தையல் எதற்குப் போட்டது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் சரோஜினிதேவி. அவள் அந்த வாரமே குவாட்டர்ஸைப் பூட்டிவிட்டு, அகதி முகாம் போய், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய்விட்டாள். போகிறேன் என்று சொல்லக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாப்பம்மா பச்சைப் பிள்ளையோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகுதான் அந்த மூன்று வருஷம். பாப்பம்மா மெல்ல நடக்கப் பழகினாள். மேட்டுக் கொழுந்தை விட்டுச் சமநிலத்தில் ஜாதிக்காய் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். நாகமுத்து பக்கத்தில் வந்தால் ஒதுங்கிப் படுக்க வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு சிரித்துப் பேசியதில்லை. முப்பது வயசைத் தாண்டிய பிறகுதான் புருஷன் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

எண்பத்து ஆறாம் வருஷம் சித்திரைக்குப் பிறகு தூரம் நின்றது. உடம்புச் சூடு என்று நினைத்தாள். வாயுத் தொல்லை என்று நினைத்தாள். வயிற்றுக்குள் ஒன்று அசைந்த பிறகு நினைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சந்திரகாந்தா ஓடி வந்து வயிற்றைத் தொட்டவள், கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆப்பரேஷன் செய்த பெண்ணுக்கு எப்படிப் பிள்ளை தங்கும்? கேள்வியிலேயே ஒரு கோளாறு இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. தங்கவே தங்காது என்றால் புருஷனால் மட்டுமா தங்காது? எவனாலும்தானே தங்காது? ஆனால் ஊர் வம்புக்கு இவ்வளவு கணக்கெல்லாம் தேவையில்லை. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவரும் அவளிடம் நேராகக் கேட்கவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது.

நாகமுத்து அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரே ஒரு தடவை, "யாரு?" என்று கேட்டான்.

"ஒங்களுதுதாங்க. மாரியம்மா மேல சத்தியம்."

அவன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. தன் சோற்றைத் தானே பொங்கித் தின்றான். ஆறு பேர் இருக்கும் ஒற்றைக் காம்பராவில் இரண்டு அடுப்பு எரிந்தது. பெரிய மகள் புஷ்பவதி அப்பனுக்கும் தம்பிகளுக்கும் தட்டு வைத்தாள், அம்மாவுக்கு வைக்கவில்லை. பெற்ற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபோது பாப்பம்மாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. சாவதற்கு அவள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வயிற்றில் இருப்பதே அந்த வேலையைச் செய்துவிடும் என்பதும் ஞாபகம் வந்தது.

நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் ஒரே யோசனைதான். முடிச்சு அவிழ்ந்திருக்கும். சேலை முந்தானையில் போட்ட முடிச்சே அவிழ்கிறது, வயிற்றுக்குள் போட்டது அவிழாதா? ஒரு காலையில் அவள் நாகமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

"வாங்க, சிஸ்டரம்மாகிட்டயே கேப்போம். முடிச்சு அவுந்துபோகுமான்னு கேளுங்க. அவுந்துபோகாதுன்னு அவங்க சொல்லிட்டா, நான் திரும்பி லயத்துக்கு வரல. அப்படியே எங்கயாச்சும் போயிர்றேன்."

அவன் வெகுநேரம் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வெள்ளைச் சட்டையைப் போட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ஏறும் வழியில் அவன் முன்னால் போனான். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து பின்னால் போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்தபோதெல்லாம் அவனும் நின்றான். அது ஒன்றை மட்டும் அவள் மனசில் வைத்துக்கொண்டாள்.

பெரிய சிஸ்டருக்கு அவளை ஞாபகம் இருந்தது. "கலவரத்தின்போது வந்த மகள்! அந்தப் பையன் சுகமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். நாகமுத்து தொண்டையைச் செருமினான். நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

சிஸ்டரின் முகம் மாறியது. "யார் சொன்னது உங்களுக்கு? பிள்ளையை எடுப்பதற்காகத்தான் வயிற்றைத் திறந்தோம். கர்ப்பத்தடை என்ற அந்தப் பாவத்தை இந்த வீட்டில் நாங்கள் செய்வதில்லை. ஒருநாளும் செய்ததில்லை. இனியும் செய்ய மாட்டோம்."

நாகமுத்து நிமிர்ந்தான். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பாப்பம்மா கண்ணால் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "தெய்வமே, எங்க குடும்பத்தக் காப்பாத்துனீங்க," என்றான். சிஸ்டர் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

பாப்பம்மாவுக்கு அழுகை வரவில்லை. அவள் பெயரைக் காப்பாற்றிய அதே வார்த்தை அவள் உயிரில் கை வைத்ததை அந்த அறையில் அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

"நான் ஒங்ககிட்ட கேட்டேனேம்மா," என்றாள். "பண்ணலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"செய்யாத ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா, மகளே?"

"இந்தத் தடவையாச்சும் பண்ணுவீங்களா? இன்னொன்னு தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"முடியாது. நாங்கள் உனக்காக ஜெபிப்போம்."

"அப்ப எங்க போகணும்னாவது சொல்லுங்கம்மா."

"அதைச் சொல்வதும் எங்களுக்குப் பாவம்தான்." சிஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். பிள்ளைக்கு என்று ஒரு சின்னப் போர்வையும் எடுத்துக் கொடுத்தார்.

இறங்கும்போது நாகமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இரத்தோட்டையில் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தான். லயத்துக்கு வந்ததும் வராததுமாக ஒவ்வொரு வாசலிலும் நின்று, சிஸ்டரம்மா சொன்னதைச் சொல்லிக்கொண்டே போனான். சந்திரகாந்தா ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். புஷ்பவதி அம்மாவுக்குத் தட்டு வைத்தாள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நெஞ்சு எப்படியிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் பாப்பம்மா பேச்சை எடுத்தாள். "இந்தப் புள்ளைய மாத்தளையில பெத்துக்கிறேங்க. அங்க கையோட ஆப்பரேஷன் பண்ணுவாங்க. ஒங்க பெருவெரலு வேணும்."

"இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு? அது பாவம்னு சிஸ்டரம்மா சொன்னத நீயும்தானே கேட்ட. அந்தம்மா மட்டும் இல்லன்னா நம்ம கதி என்னா?"

"எனக்கு மூச்சு முட்டுதுங்க."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. என்னா ஆச்சு? நல்லாத்தானே இருக்க. அது மட்டுமில்ல, இனி ஆப்பரேஷன் கீப்பரேஷன்னு போயி நின்னா ஊரு மறுபடி என்னா பேசும்?" என்றான் அவன், ரொம்பப் பிரியமாக.

எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். கெஞ்சினாள். ஒருநாள் காலைக்கூடப் பிடித்தாள். அவன் இரங்கவில்லை. எட்டு மாசம் முடிந்தபோது பாப்பம்மா லொறி ஷெட்டுக்குப் போனாள். கணபதி மனைவியை இழந்தவர். அதிகம் பேசாதவர். அவளைப் பார்த்ததும் டயரை விட்டு எழுந்தார்.

"அண்ணே, எனக்கு ஒரு கையெழுத்து வேணும். மாத்தளையில எங்க வூட்டுக்காரரு பேர எழுதிப் போடணும்."

அவருக்குப் புரிய நேரமாகவில்லை. "அன்னைக்கி நான் லொறிய மாத்தளைக்கே விட்டிருக்கணும்."

"விட்டிருந்தா அன்னைக்கே செத்திருப்போம். அத விடுங்க. இப்ப போடுவீங்களா?"

"ஊருக்குத் தெரிஞ்சிருமே, தங்கச்சி."

"தெரியும்ணே," என்றாள் பாப்பம்மா. ஊர் வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செய்யாத குற்றத்துக்கு அதை ஒரு தடவை அனுபவித்தவள். இந்தத் தடவை அறிந்தே போகிறாள்.

மார்கழியில் வலி கண்ட காலையில் நாகமுத்து வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போயிருந்தான். கணபதி அவளை மாத்தளைக்குக் கொண்டுபோய், பெரிய ஆஸ்பத்திரியில் 'நாகமுத்து' என்று கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பெண் பிள்ளை பிறந்தது. பாப்பம்மாவைப் பிழைக்க வைக்க இரண்டு டாக்டர்கள் பாடுபட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். முடிச்சையும் போட்டார்கள்.

விஷயம் தெரிந்து நாகமுத்து வெற்றிலை பாக்கோடு வார்டுக்கு ஓடி வந்தான். வாசலில் நின்ற நர்ஸ், இந்தப் பெண்ணின் புருஷன் காலையிலேயே வந்து ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, லொறி ஓட்டுகிறவர், நீ யார் என்று சிங்களத்தில் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் பக்கத்துத் தோட்டம்.

அவன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. கணபதிக்கும் ஒனக்கும் என்னா?"

"கையெழுத்து," என்றாள் பாப்பம்மா. "ஒங்ககிட்டத்தான் கேட்டேன். நீங்க குடுக்கல. அவரு குடுத்தாரு."

அவன் வெற்றிலையைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வெளியே போனான். அவள் பிள்ளையோடு லயத்துக்கு வந்தபோது அவன் மலையில் இன்னும் மேலே இருந்த மேல்கணக்குத் தோட்டத்தில் தம்பி வீட்டுக்குக் குடிபோயிருந்தான். ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். புஷ்பவதி தாலி கட்டிக்கொண்டு போகும்வரை அம்மாவோடு இருந்தாள், தேவைக்கு மட்டும் பேசினாள். கணபதியைத் துரை வேறு டிவிஷனுக்கு மாற்றினார். வழியில் கண்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவளும் பேச்சுக் கொடுப்பதில்லை.

பாப்பம்மா அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தாள். மெல்ல நடந்தாள், மெல்ல வேலை செய்தாள், மாத்தளைக்குப் போய் இருதயத்துக்கு மாத்திரை வாங்கி விழுங்கினாள். தீபாவளிக்கு யாரும் அவள் வாசலுக்குப் பலகாரம் கொண்டு வரவில்லை. அவள் மட்டும் விடாமல் முறுக்குச் சுட்டாள். மகளும் அவளும் எத்தனை நாளைக்குத் தின்பது? காக்கைக்கும் போட்டாள்.

அந்தக் கடைசி மகள் பத்து வயசில் ஒரு தீபாவளியன்று, மேல்கணக்கிலிருந்து கோவிலுக்கு இறங்கிப் போகும் கூட்டத்தில் நாகமுத்துவைக் காட்டி, "அம்மா, அப்பா ஏன் நம்மகூட இல்ல?" என்று கேட்டாள்.

பாப்பம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"நான் சாகாம இருந்துட்டேன்ல. அந்தக் கோவம்."